ஸ்பானியத் தொலைக்காட்சியில் ஒரு மரண அறிவித்தல்

ஒரு கறுப்புச் சால்வை. ஓரமெல்லாம் குஞ்சம் வைத்தது. ஜேர்மனியின் எசன் நகரத்தில் ஸ்பானியர் நடத்திய சின்னத் தொலைக்காட்சி நிலையத்தில், படம் பிடிக்கிற அறைக் கதவின் பின்னால் ஒரு ஆணியில் அது தொங்கும். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியின் கடைசிப் பகுதி வரும்போது செனோரா அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். உடனே முகமும் மாறிவிடும். அதுவரை சமையற் குறிப்புச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த அதே மனிசி, அந்தக் கிழமை செத்துப்போனவர்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்குவார்.

செனோரா என்பது அவர்களுடைய மொழியில் அம்மா என்பதுபோல ஒரு மரியாதைச் சொல். எல்லோரும் அப்படிக் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு சில வருடங்கள் நான் அங்கே துப்புரவு வேலை செய்தேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஓட்டை ஜேர்மன் மட்டுந்தான். அதை வைத்துக்கொண்டே நிலையத்தின் கதை முழுவதையும் அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆள் வேண்டும் என்று இந்த நாடு கூப்பிட்டபோது வந்தவர்கள் அவர்கள். முதலில் ஒரு சங்கம், பிறகு சங்கத்தின் பின்னறையில் ஒரு பழைய கமரா, பிறகு கேபிளில் ஞாயிறு பின்னேரம் அரை மணித்தியாலம். நான் சேர்ந்தபோது அது இரண்டு மணித்தியாலமாக வளர்ந்திருந்தது. கிற்றார் வாசித்துத் தொடங்குவார்கள். ஊர்ப் புதினச் செய்திகள், பந்தாட்டம், சிறுவர் கதை, சமையல் எல்லாம் வரும். கடைசியில் செனோராவும் சால்வையும்.

அந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான் கிழடுகள் எல்லாம் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். செத்தவரின் பெயர், தகப்பன் வழிப் பெயர், தாய் வழிப் பெயர், பிறந்த ஊர், வேலை செய்த சுரங்கம், எந்த மாதா கோயிலில் பூசை, எத்தனை மணிக்கு அடக்கம். ஒன்றையும் விடமாட்டார், அவசரப்படவும் மாட்டார். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் கூட்டுகிற தடியைச் சுவரில் சாத்திவிட்டு நின்று கேட்பேன். எங்கள் ஆட்களும் வானொலியில் இப்படித்தானே அறிவிக்கிறோம். அந்நிய நாட்டில் செத்தவனுக்கு நாலு பேர் வந்து நிற்க வேண்டும், அதற்கு முதலில் நாலு பேருக்குத் தெரியவேண்டும்.

பிறகு நிலையம் நகரசபையின் கைக்குள் போனது. புதுப் பொறுப்பாளர் ஒருவர் வந்தார். இளம் வயது, நன்றாகப் படித்தவர், எந்நேரமும் சிரித்த முகம். இனி இது எல்லா நாட்டவருக்குமான நிலையம் என்றார், நல்லது என்று நினைத்தோம். வந்து கொஞ்ச நாளில் மரண அறிவித்தலை நிப்பாட்டினார். மனதைப் பாரமாக்குகிறதாம், இளம் ஆட்கள் பார்க்கமாட்டார்களாம். அந்த நேரத்தில் பாவாடை சுழற்றி ஆடுகிற பிள்ளைகளைப் போட்டார். கோடை வந்தால் ஊன்ட்றொப் அம்மன் கோவிலுக்குக் கமராவோடு போய்க் காவடி ஆடுகிறவர்களைப் படம் பிடித்துக்கொண்டு வருவார். ஏன் ஆடுகிறார்கள், என்ன நேர்த்தி என்று ஒருவரையும் கேட்டதில்லை. எங்களிடம் அவருக்கு வேண்டியிருந்தது ஆட்டமும் சாப்பாடும் மட்டுமே. நாங்களும் சாகிறவர்கள் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் செனோராவின் கணவர் செத்துப்போனார். சுரங்கத் தூசி நெஞ்சுக்குள் இருந்து கொன்ற மனிதர். இரண்டு நாள் கழித்து செனோரா நிலையத்துக்கு வந்தார். கணவரின் முழுப்பெயர், கோயில், அடக்க நேரம் எல்லாம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை ஒரு நிமிடம் தரச்சொல்லிக் கேட்டார். நான் அந்த நேரம் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார் பொறுப்பாளர். வேண்டுமானால் இணையத்தில் போட்டுவிடுகிறேன் என்றார். எழுபது எண்பது வயதுச் சுரங்கத் தொழிலாளிகள் இணையத்தில் பார்ப்பார்களாம். எத்தனையோ வருடம் ஊராருடைய சாவையெல்லாம் சொன்ன மனிசி, தன் வீட்டுச் சாவைச் சொல்ல வழியில்லாமல் திரும்பிப் போனார்.

அதே ஞாயிறு எனக்கு ஒரு வேலை வைத்திருந்தார்கள். கமராவுக்கு முன்னால் நின்று வடை சுடவேண்டும். என்ன சொல்லவேண்டும் என்று பொறுப்பாளரைக் கேட்டேன். உங்கள் மொழியில் ஏதாவது பேசுங்கள், விளங்காவிட்டாலும் கேட்க அழகாக இருக்கும் என்றார். என் மச்சாள் அதற்குள் எசனில் உள்ள தமிழ் வீடெல்லாம் ரெலிபோன் எடுத்து, அக்கா ரீவியில் வாறா, பாருங்கோ என்று சொல்லி முடித்துவிட்டாள்.

சேலை கட்டிக்கொண்டு நின்றேன். தாச்சியில் எண்ணெய் கொதித்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம். அயலிலும் எண்ணெய்ச் சட்டி வைத்துப் பலகாரம் சுடமாட்டோம். அந்த நிலையம் செனோராவின் வீடு. பிணத்தை இன்னும் அடக்கவில்லை. இங்கே நான் வடை சுடுவதா? கமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் அடுப்பை நிப்பாட்டினேன். கையைத் துடைத்துவிட்டுக் கமராவைப் பார்த்துச் சொன்னேன்:

“மரண அறிவித்தல். ஸ்பெயின் அஸ்தூரியாசைப் பிறப்பிடமாகவும், எசனை வதிவிடமாகவும் கொண்டவர் காலமானார்.”

இங்கே பெயரை எழுதவில்லை. அன்று முழுப்பெயரும் சொன்னேன், தகப்பன் வழி, தாய் வழி இரண்டும். செனோராவின் அன்புக் கணவர் என்றேன், கோயிலையும் நேரத்தையும் சொன்னேன். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும் என்று முடித்தேன். கண்ணாடிக்கு அப்பால் பொறுப்பாளர் தலையாட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார். கேட்க அழகாக இருந்திருக்கும்.

அடக்கத்தன்று கோயிலில் ஸ்பானியர் ஒரு வாங்கில் அமர்ந்து நிறைகிற அளவுக்கும் இல்லை. அவர்களுக்கு என் தமிழ் எங்கே விளங்கும்? ஆனால் பின்னால் தமிழர் வந்துகொண்டே இருந்தார்கள். மச்சாளின் பெட்டைகள், கடைக்கார அண்ணை, இரவு வேலை முடித்து நேரே வந்த பெடியள். அறிவித்தல் கேட்டால் போகாமல் இருக்க எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. ஒருவர் ஒரு பானை சோறும் கறியும் கொண்டுவந்திருந்தார். அறிவித்தலைப் பாதியில் கேட்ட கடைக்கார அண்ணை என் காதுக்குள் கேட்டார்:

“பிள்ளை, ஆர் செத்தது? எங்கட ஆளோ?”

“ஓம் அண்ணை, எங்கட ஆள்தான்.”

அவர் போய் வரிசையில் நின்றார். குழிக்குள் எல்லோரும் மண் போட்டபோது எங்கள் பெரியக்கா ஒருவர் சீலைத் தலைப்பிலிருந்து வாய்க்கரிசியை எடுத்துப் போட்டார். பாதிரியார் திகைத்துப் போனார். செனோரா பார்த்தார். பெரியக்காவிடம் கையை நீட்டி அவரும் ஒரு பிடி வாங்கிப் போட்டார்.

திரும்பி வரும்போது கல்லறைத் தோட்டத்து வாசற்படியடியில் பொறுப்பாளர் கமராவோடு நின்றார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்ன அருமையான காட்சி, இரண்டு மக்கள் ஒன்றாக என்றார். செனோராவை என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை படியிறங்கி வரச்சொன்னார். செனோரா சத்தம் போடாமல் கேட்டார்:

“அடக்கம் செய்தது யாரை? அவருடைய பெயரைச் சொல்.”

பொறுப்பாளருக்குத் தெரியவில்லை. கமராக்காரன் தானாகவே கமராவைக் கீழே இறக்கினான்.

அடுத்த கிழமை எனக்கு வேலை இல்லை என்றார்கள். போகட்டும். செனோரா மகளோடு ஸ்பெயினுக்குப் போய்விட்டார், நிலையமும் இப்போது இல்லை. ஆனால் அந்தச் சிரித்த முகங்கள் இருக்கின்றன. கலாசார நாள், உணவு நாள் என்று இன்றைக்கும் அழைக்கிறார்கள், அம்மா வந்து வடை சுடுவாவோ என்று என் மகளைக் கேட்கிறார்கள். அவள் ரெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்ப்பாள். எங்கட ஆள் ஒருத்தர் செத்தால் பெயர் சொல்ல இடம் தருவினமோ எண்டு முதலில் கேள் என்பேன். அவளும் கேட்பாள். யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிடுகிறார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.