அண்ணையின் விமானத்தில் பிள்ளையாருக்கு ஒரு விளக்கு

பிள்ளையார் துணை.

எங்கள் அண்ணையின் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் அயலவர்களுக்கும் அவருடைய ஒரே தங்கச்சி எழுதுவது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். "தேவாரம் எழுதுற கைதானே, வடிவா வரும்" என்று மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி (அவவுக்கு நானும் மச்சாள்தான்), சொன்னபடியால் துணிந்து எழுதுகிறேன்.

அண்ணை வசாவிளானில் பிறந்தவர். பலாலி விமானத்தளம் கிட்ட. பள்ளிக்கூடம் விட்டதும் கம்பி வேலியைப் பிடித்தபடி விமானம் இறங்குவதைப் பார்த்து நின்றுவிட்டு, பிந்தி வந்து ஐயாவிடம் அடிவாங்குவார். ஐயா காலமானதும் படிப்பை விட்டு வயரிங் வேலைக்குப் போய் என்னைக் கட்டிக்கொடுத்தவர். அவருக்குப் பிடித்த அந்த விமானமே பிறகு குண்டோடு எங்கள் தலைக்கு மேலே வந்தது. வீடு போனது. பங்கருக்குள் இருந்த நாட்களில் மச்சாளைப் பிடித்த பயம் இங்கே வந்தும் விடவில்லை. கனடாவுக்கு வந்த விமானத்திலும் கண்ணைத் திறக்காமல் வந்தவ. டோர்செட் பார்க் வீட்டுக்கு மேலே ஏதாவது இரைந்தால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மேசைக்குக் கீழே போய்விடுவா.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் அண்ணை சனிக்கிழமைகளில் விமானம் செய்யப் போனார். ஒஷாவாவில் அவரோடு வேலை செய்த கென் என்ற வெள்ளைக்காரர், இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம் ஒன்றைத் தன் கராஜில் கட்டிக்கொண்டிருந்தார். வயர் வேலைக்குக் கைகொடுக்கப் போன அண்ணை பங்காளியாகி, பறக்கவும் பழகி, லைசென்சும் எடுத்துவிட்டார். எங்கட ஆக்கள் சும்மா விடுவார்களா? "என்ன அண்ணை, ஊருக்கு எப்ப பிளேன் விடுறியள்?" என்று கோயிலில் ஒருவர் கேட்டார். "உமக்கு இறக்கையில இடம் பிடிச்சு வைச்சிருக்கிறன்" என்றார் அண்ணை.

மச்சாளை ஒருதரம் ஏற்றவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. "ஒருக்கா மேல இருந்து பாத்தீரெண்டால் அந்தச் சத்தம் உம்மை விட்டிடும்" என்பார். மச்சாள் கேட்காததுபோல அடுப்படிக்குப் போய்விடுவா. கடைசியில் ஒருநாள் புட்டு அவித்துக்கொண்டே சொன்னா: "எங்கட காரில இருக்கிற மாதிரிப் பிள்ளையார் முன்னுக்கு வெளிச்சத்தோட இருந்தா வாறன்."

காரில் சிகரெட் லைட்டர் ஓட்டையில் வயரைச் செருகினால் சிவப்பு பல்ப் எரியும் பிள்ளையார் அது. விமானத்தில் அப்படி ஓட்டை இல்லை. கையில் பிடிக்கிற ரேடியோவின் பற்றறி குளிருக்கு இறங்கிவிடுகிறது, அதற்குக் கரண்ட் கொடுக்கவும் ஓர் ஓட்டை வேணும்தான் என்று கென் சம்மதித்தார். மீற்றர்கள் இருக்கிற பலகையில் இரண்டு ஓட்டை, ஒவ்வொன்றுக்கும் தனிப் பியூஸ். "பிள்ளையாற்ற பியூஸ் போனாலும் எஞ்சின் நிக்காது" என்று அண்ணை விளங்கப்படுத்தினார். "பிள்ளையாருக்குப் பியூஸ் போறதோ? வாயைக் கழுவுங்கோ" என்றா மச்சாள்.

மச்சாளின் கண்ணுக்கு நேரே தெரியட்டும் என்று ஓர் ஓட்டையைப் பலகையின் மேற்பக்கத்தில், திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்தார் அண்ணை.

மச்சாளை ஏற்றுகிற அன்றைக்கு நானும் அந்தச் சின்ன விமானத்திடலுக்குப் போனேன். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தோம், தேங்காய் உடைத்தோம். பெற்றோல் இருக்கிற இடம் என்று கற்பூரத்தை மட்டும் கென் தூரத்துக்கு அனுப்பிவிட்டார். மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு ஏறி இருந்தா. அண்ணை பிள்ளையாரை வைத்ததும் திசைகாட்டி ஒரேயடியாகத் திரும்பியது. கென் எட்டிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். "உங்கட கடவுள் வடக்கைத் தன்ர பக்கம் இழுக்கிறாராம்" என்றார் அண்ணை. பிள்ளையாரின் அடியில் காந்தம்! அதைக் கழற்றிய பிறகும், விளக்கைப் போட்டால் வயரில் ஓடுகிற கரண்டுக்குத் திசைகாட்டி ஆடியது. "இவவுக்கு வடிவாத் தெரியவேணுமெண்டு பாத்து, இதை மறந்திட்டன்" என்று அண்ணை நெற்றியில் கைவைத்தார். பயணம் நின்றது.

திரும்பி வரும்போது மச்சாள் சொன்னா: "பிள்ளையாருக்கே விருப்பமில்லை. இனிக் கேளாதேங்கோ."

வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றியபடி அண்ணை சொன்னார்: "அவர் தடுத்தவரெண்டு ஏன் நினைக்கிறீர்? நான் விட்ட பிழையை நிலத்தில நிக்கேக்கையே காட்டித் தந்தவர். மேல போனாப் பிறகு காட்டியிருந்தா?"

மச்சாள் போய்ச் சாமி விளக்கைக் கொளுத்தினா.

அண்ணை ஓட்டையைக் கீழே இறக்கி, போகிற வயரையும் வருகிற வயரையும் ஒன்றோடொன்று முறுக்கி, பிள்ளையாரைப் பசையால் ஒட்டினார். விளக்கைப் போட்டும் அணைத்தும் பார்த்தார். திசைகாட்டி அசையவில்லை. நல்லநாள் பார்த்து மச்சாள் முழுகிவிட்டு வந்து ஏறினா. நானும் கென்னும் புல்லில் நின்றோம். அவர்கள் இறங்கும்வரை நான் பிள்ளையாரைக் கும்பிடுவதை விடவில்லை.

மச்சாள் இறங்கி வந்து என் கையைப் பிடித்தா. "வீடுகளில உடுப்புக் காயப்போட்டிருக்கிறது கூடத் தெரியுது மச்சாள். அப்ப குண்டு போட்டவனுக்கும் எங்களைத் தெரிஞ்சுதானே இருக்கும்" என்றா.

அண்ணை குனிந்தபடி நின்றார். அவர் நினைத்தது வேறு, மச்சாள் கண்டது வேறு. ஆனாலும் அதற்குப் பிறகு மச்சாள் மேசைக்குக் கீழே போகவில்லை. சத்தம் கேட்டால் பல்கனிக்கு வந்து, "ஆரது?" என்று கேட்கிறமாதிரி நிமிர்ந்து பார்ப்பா. பிறகும் பலதரம் அண்ணையோடு ஏறிப் போனா.

கடைசியில் அண்ணை நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கென் விமானத்திலிருந்து பிள்ளையாரைக் கழற்றி, சின்னப் பற்றறி ஒன்றில் பூட்டிக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். சிவப்பு வெளிச்சத்தைக் கண்டதும் அண்ணை மெல்லக் கேட்டார், திசைகாட்டி ஆடுகிறதா என்று. "இல்லை, நேராக நிற்கிறது" என்றார் கென். அண்ணை சிரித்தார். அந்த வெளிச்சத்திலேயே, மச்சாளின் கையைப் பிடித்தபடி, இறைவனடி சேர்ந்தார்.

அண்ணையைப் பார்த்த தாதிமாருக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த மாடிவீட்டாருக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயருக்கும், சகோதரனாய் நின்ற கென்னுக்கும் நாங்கள் கைகூப்புகிறோம். பிள்ளையாரை வீட்டிலேயே வைத்திருக்கச் சொன்னார் கென். மச்சாள் கேட்கவில்லை. வருகிற சனிக்கிழமை தானே கொண்டுபோய் அந்த ஓட்டையில் செருகிவிட்டு, கென்னோடு ஒரு சுற்று ஏறி வரப்போகிறாவாம். நான் வழமைபோலப் புல்லில் நிற்பேன்.