சுஹறா நட்ட கரை

அலவாங்குக் கம்பியைச் சேற்றில் குத்தி, ஒரு ஆட்டு ஆட்டி, வந்த குழிக்குள் உப்புப் புல்லின் ஒரு கொத்தைச் செருகிக் குதிக்காலால் மிதிக்கிறாள் சுஹறா. பிறகு அடுத்த குழி. கடல்நீரேரி வற்றிக் கிடக்கும் காலைகளில், கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்த கை ஆறுவதற்குள் கரைக்கு வந்துவிடுவாள். காலில் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்றாகச் சோடி சேராத செருப்புகள். மற்றவற்றைச் சேறு விழுங்கிவிட்டது. இடைக்கிடை ஒரு இலையைக் கிள்ளி நக்கிப் பார்ப்பாள். வேண்டாத உப்பைப் புல் வெளியே தள்ளியிருந்தால் நாக்கில் கரிக்கும். கரித்தால் வேர் பிடித்துவிட்டது என்பது அவள் கணக்கு. சரியோ பிழையோ, அவளோடு வாதாடி வென்றவர் எவருமில்லை.

யாழ்ப்பாணத்தாருக்குத் துப்புரவு என்றால் புல் இல்லாத மண். முற்றத்தில் ஒரு புல் தலைகாட்டினாலும் மண்வெட்டியால் செருக்கி எறிந்தால்தான் நித்திரை வரும். பக்கத்து வீட்டு றம்ஸீனின் மகளுக்குக் கலியாணம், வெளியூர் ஆட்கள் வருகிறார்கள் என்று, ஊரே கூடிக் கரையையும் அப்படிச் செருக்கித் தள்ளியது. சுஹறாவும் கூட நின்று தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மார்கழிக் காற்றோடு ஏறிய தண்ணீர், வெறும் மண்ணைக் கரைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அவளுடைய அடுப்படிச் சுவர் வெடித்தது.

"உந்தப் புல்லுத்தான் மண்ணைக் கவ்விப் பிடிச்சது. அலையை அமத்தினது. இறால் குஞ்சும் அதுக்குள்ளைதானே ஒளிக்கும்? எல்லாத்தையும் வழிச்செறிஞ்சுபோட்டு இப்ப கடலைத் திட்டி என்ன?" என்றாள் சுஹறா.

கரையைக் கல் கொட்டி மூடலாம் என்றான் றம்ஸீன். "கல்லெண்டா நிண்ட இடத்திலை நிக்கும் மாமி."

"நிக்கும். வளருமோடா?"

தொண்ணூறில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் எல்லோரோடும் துவக்கு முனையில் துரத்தப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வாழ்ந்து, கணவன் ஸலாஹுதீனை அந்த மண்ணிலேயே அடக்கிவிட்டு, தலை நரைத்த பின் திரும்பி வந்து கட்டிய வீடு அது. மகன் சப்ரான் புத்தளத்திலேயே தங்கிவிட்டான். சுவர் வெடித்த நாள் முதல் போனில் ஒரே பாட்டு: "வித்துப்போட்டு வாங்கோ உம்மா."

"ஒருக்கா எழும்பினது போதும். அண்டைக்குத் துவக்கு நிண்டது, எழும்பினன். இண்டைக்குத் தண்ணிக்கும் எழும்புறதோ?"

சென்ற கிழமை சப்ரான் சின்ன லொறி ஒன்றோடு வந்து இறங்கினான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டிலை ஏற்றினான், இடியப்பத் தட்டுகளை ஏற்றினான். சுஹறா பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் ஏற்றி முடிய, லொறியைத் திருப்ப இடம் போதாமல் சாரதி பின்பக்கமாகக் கரைக்கு எடுத்தான். அவள் நேரே போய், புது நடவின் நடுவில், வருகிற லொறிச் சில்லுக்கு எதிரே காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்தாள். லொறி நின்றது.

"எழும்புங்கோ உம்மா, சனம் பாக்குது."

"பாக்கட்டும்."

"அடுத்த மாரிக்கு வீடே போயிடும். என்ன செய்வீங்கள்?"

"இன்னும் நடுவன்."

சப்ரானுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. குனிந்து, அவளை எழுப்புவதற்குக் கையை நீட்டினான். அவள் அந்தக் கையை இறுகப் பற்றி, ஒரே இழுவையில் அவனைத் தன் பக்கத்தில் சேற்றில் இருத்தினாள்.