பின் சக்கரத்து டயர்

போன வாரம் அரியலூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சாலை நடுவே ஒரு லாரி டயரின் மேல்பட்டை நீளமாக உரிந்து கிடந்தது. பக்கத்தில் இருந்தவர் "பாம்பு, பாம்பு" என்று காலைத் தூக்கிக்கொண்டார், ஓடும் பஸ்ஸுக்குள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெந்த ரப்பரின் நாற்றம்தான் மூக்கில் ஏறியது.

அந்த நாற்றத்தில்தான் முதல் சம்பளம் வாங்கினேன். பி.காம். முடித்த கையோடு, டயருக்கு ரீபட்டன் போடும் பட்டறை ஒன்றில் கணக்கெழுதச் சேர்ந்தேன். தேய்ந்து மொட்டையான டயரைச் சுரண்டி, புதுப் பட்டை ஒட்டி, இட்லி மாதிரி வேகவைத்து எடுப்பார்கள். பழைய டயருக்கு இன்னொரு ஆயுசு. கணக்கெழுதுகிறவன் மேலும் அந்த வாடை ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் பக்கத்து ஆள் எழுந்து போய்விடுவார், எனக்கு வசதியாக இடம் கிடைக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில்தான் அது உதவவில்லை.

முதலாளி காதர் பாய்க்கு ஒரு பிடிவாதம் உண்டு. வெந்து வரும் டயர் ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் மஞ்சள் பெயின்டால் 'பி' என்று எழுதுவார். பின் சக்கரத்துக்கு மட்டும் என்று அர்த்தம். டிரைவர்கள் அந்த எழுத்தைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

"சிரிங்கடா. பின்னாடி வெடிச்சா ஜோடி டயரு தாங்கும். முன்னாடி வெடிச்சா அல்லாதான் தாங்கணும்" என்பார் பாய்.

அதிகம் சிரித்தவர் செல்வராசு அண்ணன். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். ஒருநாள் அவர் காற்றுப் பிடிக்க வந்தபோது, இடது முன் சக்கரத்தில் மஞ்சள் தீற்றல் தெரிந்தது. பெட்ரோல் தொட்டு எழுத்தைத் துடைத்திருந்தார்கள்.

"என்ன செல்வராசு இது? கழட்டு மொதல்ல" என்றார் பாய்.

"ஓனரு மாட்டச் சொல்லிட்டாருங்க பாய். புதுசு கேட்டா, வேற வண்டி பாத்துக்கங்கிறாரு."

"நான் பேசுறேன்யா அவருகிட்ட."

"வேணாங்க, சாவியப் புடுங்கிடுவாரு. நான் மெதுவாத்தான் ஓட்டுறேன்."

பாய் கேட்கவில்லை, போன் செய்தார். "ஒங்க டயருமேல ஒங்களுக்கே நம்பிக்கையில்லியா பாய்?" என்று ஓனர் சிரித்தது எனக்கும் கேட்டது.

அண்ணன் மெதுவாகத்தான் ஓட்டினாராம். வி.கைகாட்டி ஊரைத் தாண்டி அந்த டயர் வெடித்து, லாரி புளியமரத்தில் மோதியது. அவர் உடலை வெளியே எடுக்கக் கேபினை அறுக்க வேண்டியிருந்தது. இதை எழுதும்போதும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

லாரியைச் சும்மா விடுவார்களா? பெரம்பலூரில் புதுக் கேபின் கட்டி, பெயின்ட் அடித்து, வேறொரு டிரைவரை ஏற்றி ஓடவிட்டார்கள். சாமானைப் பிழைக்கவைப்பதில் நம் ஆட்களை மிஞ்ச முடியாது. முன்னால் இரண்டும் புது டயர் வேறு.

பிறகு ஒருநாள் அண்ணனின் மனைவி பட்டறைக்கு வந்தார். ஓனரிடம் நஷ்டஈடு பேசச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம்.

"பாய், அந்த வண்டி எங்க வூட்டு வழியாத்தான் போவுது. அதே ஹாரனுங்க. திருப்பத்துல அவரு அடிப்பாரு, பாப்பா ஓடிப்போயி கை காட்டும். இப்பவும் சத்தம் கேட்டா ரோட்டுக்கு ஓடுது. ஹாரன மட்டும் மாத்தச் சொல்லுங்க."

பாய் என்னை ஓனரிடம் அனுப்பினார். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லாத்தானேப்பா இருக்கு அது, எதுக்கு மாத்தணும்?" என்றார். கேலியாகக்கூட இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

காதர் பாய் இப்போது இல்லை. பட்டறை இருந்த இடத்தில் புது டயர் விற்கிறார்கள். விக்கிரமங்கலம் ரோட்டில் அந்தத் திருப்பமும் வீடும் சுண்ணாம்புக்கல் குழிக்குள் போய்விட்டன. அதற்கெல்லாம் முன்பே, அந்த அம்மாவைச் சந்தையில் பார்த்தபோது, ஹாரனை மாற்றினார்களா என்று கேட்டேன்.

"இல்ல தம்பி" என்றார். "பாப்பாதான் ஓடுறத நிறுத்திடுச்சு."