முளைப்பாரிச் சட்டியில் திருநீறு

பேராச்சி பேசுவதைவிடப் பார்ப்பதே அதிகம். கல்யாணமாகி மும்பைத் தாராவிக்கு வந்த காலத்திலிருந்து துணிப் பட்டறையில் நூல் வெட்டும் வேலை பார்க்கிறாள். சுற்றியிருக்கும் பெண்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்க, இவள் குனிந்த தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருப்பாள். ஆனாலும் எவள் அழுதுவிட்டு வந்திருக்கிறாள், எவள் வீட்டில் இன்று அடுப்புப் பற்றவில்லை என்பதெல்லாம் இவளுக்குத்தான் முதலில் தெரியும். கேட்கத்தான் நாக்கு எழாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். டாக்டர் முன்னால் போனால் முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்பாள்; அவர் சொல்வது எதையும் திருப்பிக் கேட்கமாட்டாள்.

அப்படிப்பட்டவள் இந்த வருஷம் அம்மன் கோயில் கொடை விழாவுக்கு முளைப்பாரி போடுவதாகத் தானாகவே நேர்ந்துகொண்டாள். எல்லாம் மகள் மாரிசெல்விக்காக. மாரிசெல்விக்கு இதற்கு முன் இரண்டு கரு தங்கவில்லை. இந்தத் தடவை தங்கிவிட்டது என்று மூச்சு விடும்போது, ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா பிள்ளையின் வளர்ச்சி போதவில்லை, எழுந்து நடமாடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். கல்யாண் ஊரில் மருமகன் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பேராச்சி மகளைக் கூட்டிவந்து கட்டிலில் படுக்கவைத்தாள். அதற்குமேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. செய்யக்கூடியதாக ஒன்றே ஒன்று தோன்றியது. அதுதான் முளைப்பாரி.

தாராவி வீட்டை இடித்த பிறகு அவர்கள் இருப்பது செம்பூர்ப் பக்கம், அடுக்குக் கட்டடம் ஒன்றில். ஒரே அறை. சமையல் மேடைக்கு அடியில் மூலையை மெழுகி, பழைய சேலையைத் திரையாகக் கட்டினாள். சட்டி தாராவிக் குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவில் வாங்கியது. மண்ணை மட்டும் அவசரத்தில் கீழே புதுக் கட்டடம் எழும்பும் இடத்தில் அள்ளிவந்தாள். சாணத்தூள் கலந்து, ஊறவைத்த பயறு வகைகளைத் தூவி, காப்பும் கட்டிக்கொண்டாள். முளைப்பாரி இருட்டில்தான் வளரவேண்டும். வெளிறிய மஞ்சள் நிறத்தில், இடைவெளி தெரியாமல் நெருங்கி எழும்பவேண்டும். முளை எழும்புகிற அழகைப் பார்த்து நேர்ந்த காரியத்தைக் கணிப்பது அவர்கள் பெண்களின் வழக்கம். விரதக்காரியைத் தவிர வீட்டார் யாரும் அதைப் பார்க்கக் கூடாது.

பயறு வெடித்து முளைவிட்டது. அதோடு நின்றது. நுனி கருகிச் சுருண்டது. பேராச்சி யாரிடமும் சொல்லவில்லை. சாமி படத்துக்கு முன்னாலிருந்து ஒரு கை திருநீறு அள்ளி, சட்டி முழுக்கத் தூவித் தண்ணீர் தெளித்தாள். வாய்விட்டுக் கேட்கத் தெரியாதவளுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். மறுநாளும் தூவினாள். அதற்கு மறுநாளும்.

காலையில் கண் விழித்ததும் மாரிசெல்வி கட்டிலிலிருந்தே கேட்பாள்.

“யம்மா, எம்புட்டு வளந்திருக்கு?”

பேராச்சி திரைக்கு வெளியே கையை நீட்டி, விரலால் அளவு காட்டுவாள். முதலில் அரை விரல். பிறகு ஒரு விரல், இரண்டு விரல். சட்டிக்குள் நகக்கண் அளவுகூட இல்லை. அந்த விரலைப் பார்த்துவிட்டு மகள் வயிற்றைத் தடவிக்கொள்வாள். தான் காட்டும் பொய்யளவைத்தான் அவள் வயிற்றோடு ஒப்பிடுகிறாள் என்பது பேராச்சிக்குத் தெரியும். கையை மடக்கவும் முடியவில்லை.

நேர்ந்தவர்கள் வீடெல்லாம் போய்ப் பார்த்துவருவது சொர்ணம்மாளின் வேலை. கொடை காரியங்களில் அவள் சொல்வதுதான் சட்டம். வந்தவள் திரையை விலக்கிக் குனிந்தாள்.

“என்ன பேராச்சி, பயறும் ஒன்ன மாதிரியேல்லா இருக்கு. தலைய நிமுத்த மாட்டேங்குது.”

பேராச்சி சிரிக்கப் பார்த்தாள்.

“நேமமா இருக்கியாட்டி? கவிச்சி கிவிச்சி வீட்டுக்குள்ள வந்துச்சா?”

“இல்ல மைனி.” மகளுக்குக் கேட்காமல் பேசுங்கள் என்று சொல்லவேண்டும். கண்ணாலே கட்டிலைக் காட்டினாள். சொர்ணம்மாள் குரலைத் தணித்து, “என்னமோ போ, நல்லா கும்புட்டுக்கோ” என்று போய்விட்டாள்.

அன்று பாத்திரம் கழுவும்போது வாளியின் உள்பக்கம் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கு பேராச்சியின் கண்ணில் பட்டது. தாராவியில் இதே வாளியில் அப்படிப் படிந்ததில்லை; தண்ணீர்தான் வேறு. கணவன் வேல்ராஜ் இன்னும் தாராவியிலேயே சாயப் பட்டறையில் வேலை செய்கிறான். சோறு கொண்டுபோகும்போது அவன் தொட்டித் தண்ணீரில் காகிதத் துண்டு ஒன்றை முக்கி, நிறம் மாறுவதைப் பார்த்துத் தலையாட்டுவதைப் பல தடவை கவனித்திருக்கிறாள்.

“ஏங்க, தண்ணில முக்கிப் பாப்பீங்களே, அந்தக் காயிதம் கொஞ்சம் கொண்டாங்க.”

“எதுக்கு? கெடக்குற சேலைக்கெல்லாம் சாயம் முக்கப் போறியா?”

“கொண்டாங்க, சொல்லுதேன்.”

கொண்டுவந்தான். அவன் திரைக்கு வெளியே நிற்க, அவள் உள்ளே முக்கித் தட்டில் வைத்து நீட்டினாள். முதல் துண்டைக் கையிலிருந்த, காரத்தை எண்ணில் காட்டும் நிற அட்டையோடு வைத்துப் பார்த்தான்.

“இது கொழாத் தண்ணியா? எட்டத் தாண்டி நிக்கி. போரிங் தண்ணியக் கலந்து விடுதானுவ. இதுல எங்களுக்குச் சாயமே ஒழுங்கா புடிக்காது.”

இரண்டாவது துண்டு கருநீலமாக இருந்தது.

“இதென்னட்டி, சோப்புத் தண்ணியா?”

“சட்டி மண்ணு.”

“பத்துகிட்டப் போவுது. காரம் இப்பிடி ஏறுனா எந்தச் செடி நிக்கும்? ஆறு ஏழுல கெடக்கணும். வேரு வெந்துல்லா போவும். மண்ண எங்க அள்ளுன?”

“கீழ, பில்டிங் கட்டுத எடத்துல.”

“அங்க பூரா சிமிட்டியும் சுண்ணாம்புமால்லா கெடக்கு. பெறவு வேற என்ன போட்ட?”

அவள் திரையின் ஓரத்தை இழுத்துவிட்டாள்.

“ஏட்டி, ஒன்னத்தான் கேக்கேன்.”

“துன்னூறு.”

“எம்புட்டு?”

“தெனமும் ஒரு கை.”

வேல்ராஜ் சிரிக்கவில்லை. “கடைத் துன்னூறுல பாதி சுண்ணாம்புட்டி. நல்ல சாம்பலே காரந்தான். நீயே அள்ளி அள்ளிப் போட்டு…” என்று தொடங்கியவன், கட்டிலைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். மாரிசெல்வி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாளா என்று தெரியவில்லை.

வேறு மண்ணில் மறுபடி விதைக்கலாமா என்று பேராச்சி சொர்ணம்மாளிடம் போனில் கேட்டாள். காப்புக் கட்டிய பிறகு மறு விதைப்புக் கிடையாது என்றாள் அவள். வேல்ராஜ் வேலை முடிந்து வரும்போது தாராவியிலிருந்து முனிசிபாலிட்டித் தண்ணீரைக் கேனில் பிடித்து ரயிலில் தூக்கிவந்தான். பட்டறையில் அமிலம் ஊற்றித்தான் காரத்தை இறக்குவார்கள். பயறுக்கு அது ஆகாது என்று எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கொடுத்தான். அவள் சொட்டுச் சொட்டாகப் பிழிந்து, காகிதம் நீலம் விட்டு மஞ்சள் கலந்த பச்சைக்கு வரும்வரை முக்கி முக்கிப் பார்த்தாள். அந்தத் தண்ணீரை மெல்ல ஊற்றி, சட்டியின் அடித்துளை வழியே வடியவிட்டாள். மறுபடி ஊற்றினாள். மண்ணில் முக்கிய காகிதமும் கருநீலத்திலிருந்து மெல்ல இறங்கியது. ஆனால் வெந்த வேர் வெந்ததுதான். தொட்டால் பழுப்பாகக் கையோடு வந்தது. மிச்சமிருந்தவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் காத்திருப்பதையும் தவிர வேறெதுவும் அவள் கையில் இல்லை.

கொடையன்று காலையில் சட்டியை வெளியே எடுத்தாகவேண்டும். சொர்ணம்மாள் பூப்பந்தோடு வந்தாள். சட்டியில் ஒரு பக்கம் மட்டும் கொத்தாக எழும்பியிருந்தது. மறுபக்கம் மொட்டை மண்.

“இங்கன பூவச் சொருவு. பேசாம தூக்கிட்டு வா” என்றாள் சொர்ணம்மாள். இந்தத் தடவை கேலி இல்லை. அதுதான் பேராச்சிக்கு அதிகம் வலித்தது.

மாரிசெல்வி தலையணையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யம்மா, ஒரு வெரல், ரெண்டு வெரல்னு காட்டுனியே.”

பேராச்சி முந்தானையைத் திருகினாள்.

“சரி, இந்தப் பக்கம் வந்திருக்குல்லா” என்றாள் மகள். “போறதுக்கு முன்ன எனக்குத் துன்னூறு பூசிவிட்டுப் போ.” கண்ணை மூடி முகத்தை நிமிர்த்தினாள்.

பேராச்சி சாமி படத்துக்கு முன்னால் போய் திருநீற்றைத் தொட்டாள். சட்டிக்கு அள்ளி அள்ளிப் போட்ட கை. விரல் நிறைய வந்தது. மகள் முகத்துக்கு நேரே அந்தக் கை நின்றது. கொஞ்சத்தைத் தட்டிவிட்டாள். இன்னும் கொஞ்சம் ஊதினாள். விரலில் வெள்ளை தெரிந்தும் தெரியாமல் இருந்தது.

“யம்மா, பூசிட்டியா?”

“இரு” என்றாள் பேராச்சி.

கீழே மேளம் கேட்டது. சொர்ணம்மாள் வாசலிலிருந்து கூப்பிட்டாள்.