இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் ஒரு பேனாக்கத்தி

நான் ஆசிரியையாகச் சேர்ந்த நான்காம் ஆண்டில் எங்கள் வீட்டில் இரண்டு தேடல்கள் ஒரே சமயத்தில் நடந்தன. அம்மா எனக்கொரு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். நான் எனக்கொரு மடக்குக் கத்தி தேடிக்கொண்டிருந்தேன். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்பது அம்மாவின் முடிவு. கைப்பையில் கத்தி வைத்திருக்கும் பெண்ணை எந்த வீட்டார் கேட்டு வருவார்கள் என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கத்தி இல்லாமல் நான் எப்படி வேலை பார்ப்பது என்று திருப்பிக் கேட்டபோது அவரிடமும் பதில் இல்லை. பதிலில்லாத இரண்டு கேள்விகளோடு எண்பதுகளின் நடுவில் சில மாதங்களை நாங்கள் ஒரே சமையலறையில் கழித்தோம்.

சித்தையன்கோட்டைக்கு அருகில் ஒரு தொடக்கப் பள்ளியில் எனக்கு மூன்றாம் வகுப்பு. திண்டுக்கல்லிலிருந்து தினமும் பஸ். அந்தப் பிள்ளைகள் பென்சில் சீவக் கொண்டுவந்தது, அப்பாமார் முகம் மழித்து முடித்துக் கழித்துப்போட்ட பிளேடின் பாதியை. ஒருநாள் ஒரு சிறுமி பென்சிலோடு சேர்த்துக் கட்டைவிரலையும் சீவிக்கொண்டாள். காயம் சிறியது, அழுகை பெரியது. அன்றே வகுப்பிலிருந்த பிளேடுகள் அனைத்தையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இனிமேல் எல்லோருடைய பென்சிலையும் நானே சீவித் தருவேன் என்றும் அறிவித்தேன்.

அறிவிப்பு வெளியிடுபவர்கள் முதலில் தலைகளை எண்ணிவிட வேண்டும். என் வகுப்பில் நாற்பத்திரண்டு தலைகள் இருந்தன. கடையில் வாங்கிய ஷார்ப்னர் முனையைக் கூராக்கி, கூராக்கிய முனையை உள்ளேயே உடைத்து, மறுபடி கூராக்கி, இப்படியே ஒரு வாரத்தில் ஒரு பென்சிலைத் தின்று தீர்த்தது. சத்துணவு சமைக்கும் அம்மா பரிதாபப்பட்டுத் தன் அரிவாள்மனையைத் தருவதாகச் சொன்னார். அதன்மேல் குந்தியபடி மூன்றாம் வகுப்புக்கு வாய்பாடு சொல்லிக் கொடுப்பதைக் கல்வி அதிகாரி எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியாததால் மறுத்துவிட்டேன்.

ஆகவே எனக்கு வேண்டியது எதுவென்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. மடங்க வேண்டும், கைப்பைக்குள் விரல்களுக்குத் தீங்கின்றிக் கிடக்க வேண்டும், பென்சில் சீவ வேண்டும், வழியில் வாங்கும் கொய்யாவையும் வெள்ளரியையும் நறுக்கினால் கூடுதல் நன்மை. விலை என் ஒரு வாரத்துப் பஸ் காசைத் தாண்டக் கூடாது. இத்தனை எளிய ஒரு பொருளை இத்தனை பேர் சேர்ந்து சிக்கலாக்க முடியும் என்பதை அதை வாங்கப் போனபோதுதான் கற்றேன்.

முதல் சிக்கல் அண்ணன். அவர் ஒரு புகையிலை மண்டியில் குமாஸ்தா. அவர் வாழ்க்கையில் எதிர்கொண்ட கூர்மையான ஆயுதம் குண்டூசி. இருந்தும் கத்திகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. எஃகு ஜெர்மனியிலிருந்து வர வேண்டும், அலகு ஒரு சாண் இருக்க வேண்டும், விரித்தால் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் விரிவுரை நடத்துவார். அவரிடமே மூன்று கத்திகள் இருந்தன. மூன்றாவது, பம்பாயிலிருந்து நண்பர் ஒருவர் கொண்டுவந்தது. அதற்குள் ஆறு கருவிகள். அவற்றில் வளைந்த கொக்கி ஒன்று என்னவென்று நெடுநாள் தெரியாமலிருந்து, பிறகு அது குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பதற்கானது என்று யாரோ சொன்னார்கள். அதன்பின் ரயிலடிக்குப் போகும்போதெல்லாம் அண்ணன் அங்கே நிற்கும் வண்டிக் குதிரைகளை ஒருவித எதிர்பார்ப்போடு பார்ப்பார். அவற்றில் ஒன்றுகூட நொண்டி அவருக்கு உதவவில்லை.

“பென்சிலுக்குன்னு கத்தி வாங்குற ஆளு ஒலகத்துலயே நீ ஒருத்திதான். வழியில ஒரு ஆபத்துன்னா என்ன செய்வ?” என்றார்.

திண்டுக்கல்லுக்கும் சித்தையன்கோட்டைக்கும் இடையில் என்ன ஆபத்து வரும் என்று கேட்டேன்.

“வந்தா?” என்றார்.

இரண்டாவது சிக்கல் கடைக்காரர்கள். கடைவீதியில் முதல் கடையில் மடக்குக் கத்தி கேட்டேன். யாருக்கு என்றார். எனக்கு என்றதும் காய்கறி நறுக்கும் கத்தி ஒன்றை எடுத்து வைத்தார். மடங்க வேண்டும் என்றேன். சமையலறையில் மடங்கி என்னம்மா ஆகப்போகிறது என்று என்னைத் திருத்தினார். இரண்டாவது கடையில் தேங்காய் துருவியையும் சேர்த்துக் காட்டினார்கள். ஒரு பெண் கத்தியோடு வீட்டை விட்டு வெளியே போகக்கூடும் என்பது அந்தக் கடைகளின் சரக்கில் இல்லை.

மூன்றாவதாகப் பேகம்பூரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு அண்ணனையும் அழைத்துக்கொண்டு போனேன். கூட ஓர் ஆண் நின்றதும் கண்ணாடிப் பெட்டி திறந்தது, தட்டுத் தட்டாகக் கத்திகள் வெளியே வந்தன. எருமைக் கொம்புப் பிடி போட்டவை, மீன் வடிவில் பித்தளைப் பிடி போட்டவை, லாரிக்காரர்கள் விரும்பும் நீளமானவை. கடைக்காரர் அவற்றின் குணங்களையெல்லாம் அண்ணனிடம் சொன்னார், அண்ணன் தலையாட்டினார். பிறகு முழுக்கைச் சட்டையின் இடது கையை மேலேற்றி, ஒவ்வொரு கத்தியாலும் முன்கை முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக மழித்துப் பார்த்தார். கத்தியின் கூர்மையை அறிய ஆண்களுக்கு வேறு வழி தெரியாது போலும். கடையில் நின்ற இன்னும் இரண்டு பேருக்கும் இடது முன்கை ஆங்காங்கே மொழுமொழுவென்றிருந்ததைக் கவனித்தேன்.

நான் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தேன்.

ஜெர்மனி என்று முத்திரை குத்திய நீளக் கத்தி, பென்சிலை முருங்கைக்காய் போலச் சீவிப்போட்டது. மீன் பிடி அழகாயிருந்தது, வழுக்கியது. ஒன்றில் ஸ்பிரிங் அத்தனை இறுக்கம், திறப்பதற்குள் நகம் ஒடிந்தது. மற்றொன்று அத்தனை தளர்வு, இலேசாகக் குலுக்கியதும் வாயைத் திறந்தது; அதைப் பையில் வைத்தால் சில்லறைக்காகக் கையை விடும்போதெல்லாம் என் விரலைத்தான் முதலில் நலம் விசாரிக்கும். நான்கு கத்திகளில் என் பென்சில் பாதியானது. அண்ணனுக்கு வெட்கமாகப் போய், நான் அவரோடு வரவில்லை என்பதுபோலத் தராசுக் கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தட்டின் மூலையில் தூசி படிந்து ஒன்று கிடந்தது. மரப்பிடி, இரண்டு பித்தளை ஆணி, என் சுண்டுவிரல் நீளத்துக்கு அலகு. அது என்ன என்று கேட்டேன்.

“அது பாக்குச் சீவுற பேனாக்கத்திம்மா. உள்ளூர்ல செஞ்சது. ஸ்பிரிங் மட்டும் நம்ம பூட்டுக்காரவுக போட்டுக் குடுத்தாக. அதெல்லாம் யாரும் கேக்குறதில்ல” என்றார் கடைக்காரர்.

திறந்தேன். நல்ல பூட்டில் சாவி திரும்பும்போது கேட்கும் அதே ‘டக்’. ஆறு சீவலில் பென்சில் கூரானது. சீவல்கள் உடையாமல் சுருண்டு விழுந்தன. மடக்கினேன், மறுபடி ‘டக்’. விலை, நான் நினைத்திருந்ததில் பாதி.

கடைக்காரர் முதன்முறையாக அண்ணனை விட்டு என்னைப் பார்த்தார். “இருவது வருசமா கத்தி விக்கிறேன். பென்சிலோட வந்த ஆளு நீங்கதான், டீச்சர்” என்றார். பிறகு அதைக் காகிதத்தில் சுற்றி, என் கையில் தராமல் மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார். கத்தியைக் கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்று சொல்வார்களாம்; வியாபாரத்தில் எதற்கு வம்பு என்றார். அண்ணன் அன்று தம் நான்காவது கத்தியை வாங்கினார்.

அதன்பின் என் வகுப்பில் நாற்பத்திரண்டு முனைகள் கூராயிருந்தன. தலைமையாசிரியர் பாடப்புத்தகக் கட்டுப் பிரிக்கக் கடன் கேட்டார். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரிகள் கொய்யாவோடு என்னைத் தேடி வந்தார்கள். கத்தியால் எனக்குக் கெட்ட பெயர் வரும் என்று அம்மா அஞ்சிய இடங்களிலெல்லாம் நட்புதான் வந்தது. இதை அம்மாவிடம் சொன்னேன். பஸ்ஸில் கொய்யா தின்பவர்கள் யாரும் பெண் கேட்டு வரப்போவதில்லை என்றார். அதிலும் நியாயம் இருந்தது.

அந்த வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்த பிறகு, ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. மாப்பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அந்த ஞாயிறு விடிந்ததும் அம்மா முதலில் செய்த காரியம், என் பையைத் திறந்து கத்தியை எடுத்து, கூடத்தில் மாட்டியிருந்த இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் ஒளித்தது. பெண் பார்க்க வரும் பெண்கள் பெண்ணைவிடப் பெண்ணின் பையைத்தான் நன்றாகப் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. படத்தை யாரும் தொட மாட்டார்கள். கல்யாணம் அமைந்துவிட்டால் கத்தி அங்கேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். ஆண்டவர் பார்த்துக்கொள்வாராம்.

மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் என்று மூன்று பேர் வந்தார்கள். கூடவே ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கொய்யா. அதைத் தட்டில் எடுத்து வைத்துத் தருவதுதான் முறை. ஆனால் தாய்மாமன் அந்தப் பெட்டியை நைலான் கயிற்றால், லாரியில் மலை ஏறப்போகும் பாரத்தைக் கட்டுவதுபோலக் கட்டியிருந்தார். முடிச்சுகள் அவருக்கே பிடிபடவில்லை. அம்மாவின் அடுக்களைக் கத்தி காலையிலிருந்து கோழியோடு இருந்தது. அதைச் சபைக்குக் கொண்டுவர முடியாது. மாப்பிள்ளையின் அம்மா பெட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

அண்ணன் வாழ்நாளெல்லாம் காத்திருந்த நேரம் அது. உள்ளே போய், நான்கில் தமக்குப் பிரியமான பம்பாய்க் கத்தியோடு வந்தார். முதலில் திருப்புளி வந்தது. அடுத்துப் பாட்டில் திறப்பான். அடுத்து, குதிரைக் கொக்கி. அலகு மட்டும் வரவில்லை. வாங்கிய நாளிலிருந்து அது ஒன்றையும் அறுத்ததில்லை என்பதால் உள்ளேயே துருப்பிடித்து உறங்கிவிட்டிருந்தது. அண்ணன் நகத்தாலும் பல்லாலும் எழுப்பிப் பார்த்தார். கடைசியில் குதிரைக் கொக்கியால் முடிச்சைக் குடைந்தார். கொக்கி முடிச்சுக்குள் மாட்டிக்கொண்டது. இப்போது பிரிக்க வேண்டியவை இரண்டாயின.

நான் காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு இருதய ஆண்டவர் படத்தின் முன்னால் போய் நின்றேன். பெண் ஜெபம் செய்கிறாள் என்று நினைத்து மாப்பிள்ளையின் அம்மா மரியாதைக்கு எழுந்து நின்றார், தாய்மாமனும் எழுந்தார். அம்மா மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். அவர்தான் உண்மையில் ஜெபித்தார் என்று நினைக்கிறேன். படத்துக்குப் பின்னால் கையை விட்டேன். ‘டக்’. கயிறு நான்கு இடத்தில் அறுந்து விழுந்தது. அண்ணனின் கொக்கிக்கும் விடுதலை கிடைத்தது.

மாப்பிள்ளையின் அம்மாதான் கேட்டார்: “ஏனுங்க, அது யாரோட கத்திங்க?”

“அண்ணனோடது” என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள், என்னுடையது என்றேன். பென்சில் சீவ என்றும் சொன்னேன்.

மாப்பிள்ளை அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “பாக்கலாங்களா?” என்று கையை நீட்டினார். நான் கத்தியை மடக்கி, நீட்டிய கையில் வைக்காமல், அவர் முன்னாலிருந்த முக்காலியில் வைத்தேன். அவர் எடுத்தார். முன்கையை மழித்துப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டைப்பையில் துழாவி ஒரு துண்டுப் பென்சிலை எடுத்து, சீவல் தரையில் விழாமல் உள்ளங்கையை ஏந்தியபடி சீவ ஆரம்பித்தார். மோசமாகச் சீவினார். இரண்டு முறை முனை ஒடிந்தது. பிறகு இரண்டையும் முக்காலியில் திருப்பி வைத்தார். நான் சீவிக் கொடுத்தேன்.

அவருடைய அம்மா இதை வேறு விதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் அம்மாவின் பக்கம் திரும்பி, “கையில குடுக்காம கீழ வெச்சுதுங்க, பாத்தீங்களா? மொறை தெரிஞ்ச புள்ளைங்க” என்றார்.

காலையில் அதே கத்தியை ஒளித்து வைத்த அம்மா, சற்றும் தயங்காமல், “எல்லாம் சொல்லி வளத்ததுதான்” என்றார்.

உண்மையில் எங்கள் வீட்டில் அந்த முறையை யாரும் எனக்குச் சொன்னதில்லை. கூரான எதையும் பிள்ளைகள் கையில் தரக்கூடாது, மேசையில் வைத்து எடுக்கச் சொல்ல வேண்டும் என்பது நாற்பத்திரண்டு கட்டைவிரல்களுக்காக நான் வகுப்பில் பழகிக்கொண்டது. அதை அந்த இடத்தில் விளக்கியிருந்தால் அம்மா மயங்கி விழுந்திருப்பார். ஆகவே விளக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் இது என் பையில்தான் இருக்கும் என்று, பென்சிலைப் பார்த்தபடியே சொன்னேன்.

மாப்பிள்ளை அந்தப் பென்சிலை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். “எங்க பள்ளிக்கூடத்துலயும் பென்சில் நெறைய இருக்குதுங்க” என்றார்.

அம்மா அன்று மாலை படத்துக்குப் பின்னால் ஒட்டடை அடித்தார். கத்தி என் பைக்குத் திரும்பியது. பிறகு பையோடு ஒட்டன்சத்திரம் போனது. மாமியார் தம் உறவுகளிடமெல்லாம் அந்த முக்காலிக் கதையைச் சொன்னார். வகுப்பறைப் பழக்கம்தான் அது என்று பத்து வருடம் கழித்து அவரிடம் ஒப்புக்கொண்டேன். நம்ப மறுத்துவிட்டார், நல்ல பிள்ளைகள் தங்கள் வளர்ப்பைப் பற்றித் தாங்களே பெருமை பேச மாட்டார்கள் என்று அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

தீட்டித் தீட்டி அலகு இப்போது பாதி அகலம்தான் இருக்கிறது. எனக்கும் என் கணவருக்கும் இடையில் அது ஒருமுறைகூடக் கையிலிருந்து கைக்கு மாறியதில்லை. அவர் மேசையில் வைப்பார், நான் எடுப்பேன். நான் வைப்பேன், அவர் எடுப்பார். சண்டைகள் அதற்காகக் காத்திருக்காமல் தாமாகவே வந்தன. ஆனால் அந்த நாட்களில் கத்தி மேசையில் இருக்கும் விதத்தைக் கொண்டு நிலவரம் அறியலாம். விரித்தபடி கிடந்தால் அன்று பேச்சுக் கொடுக்காமலிருப்பது நல்லது. மடக்கி வைத்திருந்தால் பேசலாம். நேற்று நான்கு நாள் மௌனத்துக்குப் பிறகு மடக்கி வைத்திருந்தார், பக்கத்தில் பாதிக் கொய்யாவோடு. மிளகாய்த்தூளும் உப்பும் வைக்க மறந்திருந்தார். அதைக் கேட்பதற்காக நான்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று.