தவக்காலத்துக்கென்று கொழுத்த கோழிகள்

எங்கள் பகுதிக்குக் கால்நடைப் போதனாசிரியராக வந்தவர் முசலிப் பக்கத்து முஸ்லிம் பெண். என்னைவிட நன்றாக இளையவர். உயிலங்குளத்துப் பொதுநோக்கு மண்டபத்தில் கோழி வளர்ப்போருக்கு அவர் வகுப்பு வைத்தபோது நான் முன்வரிசைக் கதிரையில் போய் இருந்தேன். படிப்பதற்கல்ல. எனக்குத் தெரிந்ததை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்றுதான்.

எனக்கு என்ன தெரியும் என்று கேட்கக்கூடாது. அதற்கு முன் வெங்காயம் வைத்து அழுகவிட்டிருந்தேன், ஆடு வளர்த்து அயலவனின் தோட்டத்தை மேயவிட்டுப் பேச்சு வாங்கியிருந்தேன். கடைசியில் மனைவியின் தமையன் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"இந்தக் கோழியும் சரிவராட்டி, பேசாமல் விடத்தல்தீவிலை என்ரை வாடிக்கு வந்திடு மச்சான். மீன் நிறுக்க ஓராள் வேணும்."

மச்சான் தன் மீன்வாடியில் வேலையாட்களைக் கூப்பிடும் குரலை நான் கேட்டிருக்கிறேன். அந்தக் குரலுக்கு நானும் ஓடவேண்டி வரக்கூடாது என்றுதான் கோழியை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

வகுப்பில் மிஸ் சொன்னார்: "குஞ்சு வாங்கி இறக்கிறதைப் பிறகு கதைப்பம். முதலிலை, ஆருக்கு விக்கப் போறீங்கள், எப்ப விக்கப் போறீங்கள் எண்டு யோசியுங்கோ. அந்த நாளிலையிருந்து பின்னுக்கு எண்ணிக்கொண்டு வாங்கோ."

நான் எழும்பினேன். "மிஸ், கோழி கொழுத்தால் வாங்கிறவன் மணத்துக்கே தேடி வருவான்!"

மண்டபமே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். "வந்தால் நல்லம் அண்ணை" என்றார். கிடைத்த சிரிப்போடு நான் தேத்தண்ணி குடிக்க வெளியே போய்விட்டேன். மற்றவர்கள் தலையைக் குனிந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த நேரம் நான் இரண்டாவது பணிஸைத் தின்றுகொண்டிருந்தேன்.

நத்தாரும் புதுவருசமும் முடிந்து, ஒருவரும் குஞ்சு வாங்காமல் மலிந்து கிடந்த நேரமாகப் பார்த்து இறக்கினேன். ஏன் ஒருவரும் வாங்கவில்லை என்று யோசிக்கவில்லை. என் கெட்டித்தனத்தை நினைத்துப் பூரித்துப்போனேன். கோழிகளும் நன்றாகவே வளர்ந்தன. மிஸ் கிழமைக்கொருதரம் வந்து காற்றோட்டம், தண்ணீர், ஊசி எல்லாம் பார்த்தார். தீன் சுமந்தவள் மனைவி. பெருமையடித்தவன் நான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் கோயிலில் ஞாயிறு பூசை முடிய அறிவித்தல் வாசிக்கிறவனும் நான்தான். மைக் இல்லாவிட்டாலும் என் குரல் குளக்கட்டு வரைக்கும் கேட்கும் என்பார்கள். அந்த ஞாயிறும் கணீரென்று தொடங்கினேன்: "வருகிற புதன்கிழமை திருநீற்றுப் புதன். தவக்காலம் தொடங்குவதால் இறைமக்கள் அனைவரும் இறைச்சியைத் தவிர்த்து..."

அந்தத் 'தவிர்த்து'வோடு நின்றுவிட்டேன். வீட்டில் கொட்டில் நிறையக் கோழி. அந்தக் கிழமைதான் விற்கும் பருவத்துக்கு வந்திருந்தன. இனி உயிர்ப்பு ஞாயிறு வரை எங்கள் வீடுகளில் இறைச்சி அடுப்பேறாது, கலியாணமும் நடக்காது. வருசா வருசம் இதை ஊருக்கு வாசித்துச் சொல்கிற மடையன் நானேதான்.

பூசை வைத்த சுவாமி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். மனைவி முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டாள். அன்றைக்கென்று எங்கள் கோயிலுக்குப் பூசைக்கு வந்திருந்த மச்சான் மட்டும் தொண்டையைச் செருமினார்.

வீடு வந்ததும் அவள் தீன் சாக்கை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய்விட்டாள். மறுநாள் மிஸ் வந்ததும் வராததுமாக, "உங்கடை தவக்காலம் புதன்கிழமை எல்லோ அண்ணை, கோழி கொடுத்தாச்சோ?" என்று கேட்டார்.

நான் விடுவேனா? "உயிர்ப்பு வரைக்கும் வச்சிருப்பன் மிஸ். அப்ப விலை ஏறும்."

"அதுவரைக்கும் தீனுக்கு எங்கை போவீங்கள்? இது ஊர்க்கோழி இல்லை அண்ணை, இறைச்சிக்கோழி. பாரம் கூடினால் கால் தாங்காது. இருந்த இடத்திலேயே செத்துப்போகும்."

'நான் அண்டைக்கே சொன்னனான்' என்று அவர் சொல்லவில்லை. நானாக இருந்தால் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன். முற்றத்தில் நின்றபடியே முசலியில் தான் நடத்தும் பண்ணையாளர் குழுவுக்குப் போன் எடுத்தார். அங்கே இரண்டு கலியாணங்கள் இருந்தன. உயிரோடு ஏற்றிக்கொண்டு போய்த் தாங்களே அறுப்பார்களாம். அவர்கள் சொன்ன விலை நான் கண்ட கனவுக்குக் கிட்டவும் வரவில்லை. இழுத்துப் பேசலாமென்று வாயைத் திறந்தேன்.

"ஓமெண்டு சொல்லுங்கோ!" குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

யாருக்குச் சொன்னாள் என்று தெரியாமல் மிஸ்ஸும் நானும் சேர்ந்தே "ஓம்" என்றோம்.

செவ்வாய்க்கிழமை லொறி வந்து கோழிகளை ஏற்றிப்போனது. தீன் கடைக்குக் கொடுத்தது போக, அடுத்த குஞ்சு வாங்க மட்டும்தான் மிஞ்சியது. மச்சானும் வந்து நின்றார். வெறும் கொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப, திங்கட்கிழமை வாடிக்கு வாறாய்தானே?" என்றார்.

குளக்கட்டு வரைக்கும் கேட்கிற குரலை வைத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி தலையாட்டப் போனேன்.

"இல்லை அண்ணா, அவர் வரமாட்டார்" என்றாள் மனைவி. ஞாயிற்றுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தை நேராகப் பார்த்தேன். "உயிர்ப்புக்கு விக்கவேணுமெண்டால் இந்தக் கிழமையே குஞ்சு இறக்கவேணும். மிஸ்ஸோடை சேர்ந்து எண்ணிப் பாத்திட்டன். எங்களுக்கு இஞ்சை வேலை கிடக்கு."

எங்களுக்கு என்றாள். என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். அவள் மனம் மாறுவதற்கு முன்னம் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு கொட்டிலைக் கூட்ட ஓடினேன்.