குரலைக் குறைக்காத பெண்

தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லி மண்டபம் ஊரை அடுத்த ஒரு மீனவக் கிராமத்தில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். படித்ததைவிட அதிகமாகப் போனில் மேடைப் பேச்சுகளும் பேட்டிகளும் கேட்டேன். அப்படித்தான் ஓர் அமெரிக்கப் பெண்மணி எனக்குக் கிடைத்தார். கறுப்பின மக்களின் உரிமைக்காக வாழ்நாளெல்லாம் பேசியவர். அவர் பேச்சில் மழுப்பல் என்பதே இல்லை. அடித்தவனை அடித்தவன் என்றுதான் சொல்வார். பேட்டி கண்டவர் கொஞ்சம் பணிவாகப் பேசலாமே என்பதுபோல் கேட்டபோது, அவர் வாய்விட்டுச் சிரித்தார். குரலை மட்டும் குறைக்கவில்லை. அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன்.

மதினி மீன் வியாபாரம் பார்ப்பவர். ஏலக்கூடத்தில் மீன் எடுத்து ராமநாதபுரத்தில் விற்றுவிட்டு மதியம்தான் வருவார். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டார்.

"யாரு புள்ள அது, இந்தப் போடு போடுது?"

வரிவரியாகத் தமிழில் சொன்னேன். மதினி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இம்புட்டுப் பேசுதே, பயமில்லையாமா?"

"பயம் இருந்துச்சாம் மதினி. பயந்துக்கிட்டேதான் பேசியிருக்காங்க."

"அப்பச் சரி," என்றார். அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில், "ஒன் அக்காவப் போடு, கேப்போம்" என்பார். மொழி புரியாவிட்டாலும் அந்தக் குரல் ஏறி இறங்குவதற்கு ஏற்பத் தலையை ஆட்டுவார்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு மதினி என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஏலக்கூடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. விடியலில் வரும் பெண்கள் வீடு திரும்பும்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடப்பார்கள். மதினி எழுந்து அதைச் சொன்னார். முதலில் குரல் நடுங்கியது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி சொன்னார்.

"அடுத்த கூட்டத்துல பாப்போம்மா. கொஞ்சம் மெல்லப் பேசு," என்றார் ஊராட்சித் தலைவர்.

"இத்தன வருசமா மெல்லத்தானய்யா பேசுனோம். ஒங்க காதுல விழுகலையே! அதான் சத்தமாச் சொல்றேன். கக்கூசு வேணும், கதவு வேணும், தாப்பா வேணும், தண்ணி வேணும்!"

பின்னாலிருந்த பெண்கள் கைதட்டினார்கள். தலைவரே சிரித்துவிட்டார். தீர்மானத்தில் தண்ணீரையும் சேர்த்து எழுதச் சொன்னார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

கழிப்பறை கட்டும் வேலை இழுத்துக்கொண்டே போனது. மதினி விடவில்லை, கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்தார். ஒருவழியாகத் திறப்பு விழா வந்தது. ஒரு வீட்டிலிருந்து கேசரி, இன்னொரு வீட்டிலிருந்து தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல். தலைவர் கத்திரிக்கோலை மதினியிடம் நீட்டினார். மதினி அதை, அங்கு எல்லோரையும்விட அதிக காலம் மீன் விற்ற ஒரு பெரியம்மாவிடம் கொடுத்தார். அவர் ரிப்பனை வெட்டினார், நேராக உள்ளே போனார், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

வெளியே நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"ஏட்டி, தண்ணி வருதுடி!" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.